சீமை அகத்தியும் வண்டுகடியும்



சென்ற மாதம் ஒரு மாலை, கடற்கரைச் சாலையில் வழக்கமாக நாங்கள் நான்கைந்து பேர் உட்காரும் கட்டைச் சுவரில் பேசிக்கொண்டிருந்தோம். இருட்டியதும் மற்றவர்கள் கிளம்பினார்கள். ஒரு நண்பர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 74. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சீமை அகத்தி இலை இப்ப எங்கே கிடைக்கும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"எங்கே அரிக்குது?" என்றேன். அவர் கடலைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று நாம் ஊருக்கே கேட்கும்படி பேசுவோம். கண்புரை அறுவையைத் தேதியோடு சொல்லுவோம். தொடை இடுக்கில் வரும் படையைப் பற்றி மட்டும் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டோம். மருந்துக் கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகும்வரை காத்திருப்போம். நண்பருக்கு அன்று நான் சொன்ன பதில் நீளமானது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஒருவருக்கு வந்த சந்தேகம் இன்னும் பத்துப் பேருக்கு இருக்கும்.

1958. எனக்கு எட்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என் கழுத்தில் நாலணா அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தோல் தெளிந்திருந்தது. பத்து நாளில் அது எட்டணா ஆனது, பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. எங்கள் ஆசிரியர் அதைப் பார்த்ததும் கைக்குட்டையால் தன் விரலைத் துடைத்துக்கொண்டு, "தார்த்ர்!" என்றார். படை என்று பொருள். அன்றே என்னைக் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். மறுநாள், குணமான பிறகு வரலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் என்னை "தெஞ்ஞ்" என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் அது தலையில் வரும் படையின் பெயர். ஒட்டிக்கொண்டு விடாத பொல்லாதவனையும் அப்படித்தான் திட்டுவார்கள். எட்டு வயதில் அந்தச் சொல் எனக்கு நோயைவிட அதிகமாக எரிந்தது.

என் ஆயாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. கழுத்தைப் பார்த்துவிட்டு, "வண்டுகடிடா, இதுக்கா பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினாங்க?" என்றார். தோட்டத்து வேலி ஓரம் நின்ற சீமை அகத்தியில் நாலு கொத்து ஒடித்து வந்தார். நண்பர்களில் சிலருக்கு அந்தச் செடி மறந்திருக்கலாம். ஆள் உயரத்துக்கு மேல் வளரும். நாம் கீரையாகச் சமைக்கும் அகத்தி வேறு, இது வேறு. இலை அகலமாக, ஜோடி ஜோடியாக இருக்கும். பூங்கொத்து மஞ்சள் மெழுகுவத்தி ஏற்றி வைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். காயில் நான்கு பக்கமும் சிறகு போல விளிம்பு உண்டு. இதற்கே வண்டுகொல்லி என்றும் பெயர்.

ஆயா இலையை அம்மியில் வைத்து எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்தார். காலையும் மாலையும் பூசினார். எரியும். நான் அழுவேன். அதோடு விடவில்லை. என் துணிகளைத் தனியாகச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார். துண்டு தனி, பாய் தனி. பாயை நாள் முழுக்க வெயிலில் போட்டார். இரண்டு வாரத்தில் வட்டம் மங்கிவிட்டது. நான் குதித்தேன். அவர் நிறுத்தவில்லை. "மேலே போயிடுச்சி, உள்ளே இருக்கும்" என்று இன்னும் மூன்று வாரம் பூசினார். படை திரும்ப வரவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் பெரியப்பா இருந்தார். சைகோனில் 'துவான்' என்கிற சுங்க இலாகாவில் வேலை பார்த்து, பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து கிளம்பியபோது ஊர் திரும்பியவர். ஆயா இலை அரைப்பதைப் பார்த்து, "இது அங்கேயும் இருக்கு. அந்த ஊர்க்காரங்க இதைத்தான் படைக்குத் தேய்ப்பாங்க" என்றார். வியட்நாமியர் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கு எருமை ஆவாரை என்பது போலப் பொருள் வரும். நம் ஆவாரையும் சீமை அகத்தியும் ஒரே குடும்பம் என்று தாவரவியலார் சொல்கிறார்கள். பெயர் வைத்த விவசாயிகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

ஆயா வண்டுகடி என்றார். வெள்ளைக்கார டாக்டர் அதை வட்டப்புழு என்று பொருள்படும் 'ரிங்வார்ம்' என்பார். மருத்துவ நூல்களில் இதன் பெயர் 'டினியா'. லத்தீனில் அது துணியை அரிக்கும் பூச்சியைக் குறிக்கும் சொல். எங்கள் பிள்ளைகள் கூவிய 'தெஞ்ஞ்' என்பதும் அதிலிருந்து வந்ததுதான். ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் எல்லோரும் இதைப் பூச்சி வேலை என்றே நினைத்திருக்கிறார்கள். கம்பளியைப் பூச்சி அரித்தால் வட்டமாகத்தானே ஓட்டை விழும்!

பூச்சி இல்லை, பூஞ்சை என்று தெரிந்த கதை பாரிஸில் நடந்தது. அதற்குச் சற்று முன், 1835-இல், இத்தாலியில் அகொஸ்தினோ பாஸ்ஸி என்பவர் பட்டுப்புழுவைக் கொல்லும் ஒரு நோய்க்குக் காரணம் பூஞ்சை என்று காட்டினார். 1839-இல் ஜெர்மானிய மருத்துவர் ஷோன்லைன், தலையில் தேன்கூடுபோல் பொருக்குக் கட்டும் படையிலும் பூஞ்சை இருப்பதைச் சொன்னார். இதை முழுமையாக நிறுவியவர் தாவித் குரூபி. ஹங்கேரியில் பிறந்த யூதர், பாரிஸில் வந்து தங்கிய மருத்துவர். 1841 முதல் 1844 வரை தலைப் படை, தாடிப் படை என்று ஒவ்வொன்றிலிருந்தும் பொருக்கையும் முடியையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கிளை கிளையாக ஓடும் இழைகள் தெரிந்தன. இன்னொரு தோலில் தேய்த்தால் அங்கேயும் நோய் வருவதைக் காட்டினார்.

பாஸ்டரும் கோஹும் கிருமிகளைப் பற்றிப் பேசுவதற்கு இது முந்தியது. கோஹ் அடைப்பான் நோயின் கிருமியை நிறுவியது 1876-இல். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் மனிதனுக்கு நோய் தரும் என்பது, நாம் வெளியே சொல்ல வெட்கப்படும் இந்தப் படையில்தான் முதலில் தெரிந்தது. ஆனால் குரூபியின் வேலையை அன்றைய மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் ஷோப்பேன் போன்ற பிரபலங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ரெமோன் சபூரோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்து, குரூபி சொன்னது சரி என்றார்.

சபூரோ வேலை செய்தது பாரிஸின் சேன் லூயி மருத்துவமனையில். தலைப் படை வந்த குழந்தைகளைப் பள்ளிகள் சேர்க்காத காலம் அது. அதனால் மருத்துவமனைக்குள்ளேயே அவர்களுக்கென ஒரு பள்ளி நடந்தது. இதைப் பின்னாளில் படித்தபோது என் கடைசிப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த வைத்தியம் கடுமையானது. அதற்கு முந்திய காலத்தில் தலையில் கீல் பூசித் தொப்பிபோல் ஒட்டி, காய்ந்ததும் முடியோடு பிய்த்து எடுப்பார்கள். 1904 முதல் சபூரோ எக்ஸ்ரே கதிரால் முடியை உதிர வைத்தார். அது வலிக்காது. அதன் கெடுதி பல காலம் கழித்துத்தான் தெரிந்தது. பூஞ்சையை வளர்த்துப் பார்க்க அவர் சர்க்கரையும் பெப்டோனும் சேர்த்துச் செய்த களி மட்டும் இன்றுவரை உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

இனி நம் செடிக்கு வருவோம். பெயரிலேயே 'சீமை' இருக்கிறது. இது நம் மண்ணில் தோன்றியது அன்று. வெப்ப அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. கரீபியத் தீவுகளில் பிரெஞ்சு பேசும் மக்கள் இதைத் 'தார்த்ரியே' என்று அழைக்கிறார்கள், படைச்செடி என்று அர்த்தம். என்னைப் பள்ளியிலிருந்து அனுப்பிய அதே 'தார்த்ர்' தான்! எட்டு வயதில் இது தெரிந்திருந்தால், உங்கள் மொழியிலேயே மருந்துக்கும் பெயர் இருக்கிறது ஐயா என்று அந்த ஆசிரியரிடம் சொல்லியிருப்பேன்.

வந்த செடி ஆசியா முழுதும் வேர் பிடித்தது. செடியோடு அதன் உபயோகமும் வந்தது. 1868-இல் பிரிட்டிஷ் இந்திய அரசுக்காக எட்வர்ட் வாரிங் தொகுத்த இந்திய மருந்துநூலில் சீமை அகத்தி இலைக்கு இடம் உண்டு. அடுத்த ஆண்டே சென்னையில் முகைதீன் ஷெரீப் என்ற மருத்துவர் அந்த நூலுக்கு ஓர் இணைப்பு எழுதினார். ஒவ்வொரு மருந்துக்கும் தமிழ் உட்பட நம் மொழிகளில் என்ன பெயர் என்று அதில் தேடித் தொகுத்திருக்கிறார். ஆயாவின் அம்மியில் அரைந்த இலை, அவர் பிறப்பதற்கு முன்பே அரசாங்க ஏட்டில் ஏறியிருந்தது.

அதே காலத்தில் பம்பாய் மருந்துக் கடைகளில் படைக்கு இன்னொரு மருந்து நல்ல விலைக்குப் போயிற்று. அதன் பெயர் கோவாத் தூள். மஞ்சளாக இருக்கும், நாளானால் பழுப்பாகும். கோவாவிலிருந்து வருவதால் அந்தப் பெயர். எந்தச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்பது விற்பவர்களுக்கே தெரியாது. 1864-இல் பம்பாயில் கெம்ப் என்பவர் இதைப் பற்றி எழுதினார். பத்தாண்டு கழித்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது. பிரேசிலில் பாயியா நகரத்து மருத்துவர் சில்வா லிமா, "இது எங்கள் ஊர் அரரோபாத் தூள் ஆயிற்றே!" என்ற கருத்தில் எழுதினார். அங்கே காட்டில் ஒரு பெரிய மரத்தின் தண்டுப் பிளவுகளில் அது படிந்திருக்கும். மரத்தை வெட்டிச் சுரண்டி எடுப்பார்கள். போர்த்துக்கீசியர் தங்கள் கப்பல் வழியில் பிரேசிலிலிருந்து கோவாவுக்குக் கொண்டு வந்தார்கள். கோவாவிலிருந்து வந்ததால் உலகம் அதை இந்திய மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தது.

1870-களில் வேதியியலார் இந்தத் தூளைப் பிரித்துப் பார்த்தார்கள். கிரைசரோபின் என்ற பொருளைக் கண்டார்கள். அது காற்றுப்பட்டு மாறினால் கிரைசோபானிக் அமிலம் கிடைக்கும். அந்த அமிலம் ரேவல்சின்னி வேரிலும் உண்டு, நம் சீமை அகத்தி இலையிலும் உண்டு. ஆக, பிரேசில் காட்டு மரமும் எங்கள் வேலிச் செடியும் ஒரே வகை ஆயுதத்தைத்தான் வைத்திருந்தன. முதல் உலகப்போரில் பிரேசில் தூள் ஜெர்மனிக்கு வருவது நின்றுபோனது. 1916-இல் அங்கே அதற்குப் பதிலாகச் செயற்கையாக ஒன்றைச் செய்தார்கள். டித்ரனால் என்ற அந்த மருந்து சோரியாசிஸ் என்னும் செதில் படைக்கு இன்றும் பயன்படுகிறது.

இப்படிப் பார்த்தால் கடை மருந்துக்கும் கைமருந்துக்கும் நடுவே நாம் கட்டிய சுவர் அவ்வளவு உயரமில்லை. நான் அரசுப் பணியில் இருந்த காலத்தில் 11 ஆண்டுகள் மருந்துக் கிடங்குப் பதிவேடுகளை எழுதியவன். 1970-களில் படைக்கென்று பேரேட்டில் இருந்தது பெரும்பாலும் வைட்ஃபீல்டு களிம்பு. தகர டப்பாவில் வரும். ஆர்தர் வைட்ஃபீல்டு என்ற லண்டன் மருத்துவர் 1900-களின் தொடக்கத்தில் வகுத்தது. 6 பங்கு பென்சோயிக் அமிலம், 3 பங்கு சாலிசிலிக் அமிலம். முன்னது பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும். பின்னது மேல்தோலை உரித்து, பூஞ்சை குடியிருக்கும் வீட்டையே இடிக்கும். பென்சோயிக் அமிலம் முதலில் கிடைத்தது சாம்பிராணிப் பிசினில். சாலிசிலிக் அமிலத்தின் பூர்வீகம் வில்லோ மரப்பட்டை. இரண்டுமே மரம் கொடுத்த யோசனைகள். அந்தக் களிம்பு பல்லாண்டு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருந்தது.

பிறகு பேரேட்டில் கிரிசியோஃபுல்வின் மாத்திரை ஏறியது. அது ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து 1939-இல் கிடைத்த பொருள். பூஞ்சையே பூஞ்சைக்கு எமன்! சுமார் இருபது ஆண்டுகள் அதை மனிதப் படைக்கு யாரும் பயன்படுத்தவில்லை. 1958-இல் ஸ்காட்லாந்தில் ஜென்டில்ஸ் என்பவர், படை வந்த கினிப் பன்றிகளுக்கு அதை வாய்வழி கொடுத்துக் குணமாக்கினார். ஆயா எனக்கு இலை அரைத்த அதே ஆண்டு. வாயால் விழுங்கித் தலைப் படையைக் குணமாக்கலாம் என்ற நிலை வந்தபின் எக்ஸ்ரே வைத்தியம் ஒழிந்தது. அதன்பின் குளோட்ரிமசோல், டெர்பினஃபின் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இவ்வளவு எழுதியவன் நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும்.

2016-இல் எனக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வந்தது. வேலிச் செடி எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது மோட்டார் ஷெட். மருத்துவரிடம் போக வெட்கம். ஒரு கடையில் போய் மெல்லச் சொன்னேன். கடைப் பையன் ஒரு சிறிய ட்யூபைக் கொடுத்தான். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது, சிவப்பு போனது. ஆயாவின் இலைக்கு இரண்டு வாரம் ஆனதே, விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று மெச்சினேன். நிறுத்தினேன், வந்தது. மறுபடி பூசினேன், போனது. இப்படியே எட்டு மாதம். படை இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல் வளர்ந்தது. தோல் மெலிந்து, கோடு கோடாக வெடித்தது. கடைசியில் மனைவி பார்த்துவிட்டு, "இதை எத்தனை நாளா மறைச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை மருத்துவரிடம் இழுத்துப் போனது.

அந்தத் தோல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். ட்யூபை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இதுல மூணு மருந்து கலந்திருக்கு. அதுல ஒண்ணு ஸ்டீராய்டு" என்றார். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையை எதிர்த்து நம் தோல் போடும் சண்டையைத்தான் அடக்கும். அரிப்பும் சிவப்பும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டை ஓய்ந்ததும் நமக்குச் சுகமாக இருக்கும், பூஞ்சைக்கு இன்னும் சுகமாக இருக்கும். இப்படி உருமாறிய படையை 1968-இலேயே இரண்டு ஆங்கில மருத்துவர்கள் விவரித்து, மாறுவேடப் படை என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள்.

அவர் ஒரு கத்தியின் மழுங்கிய பக்கத்தால் என் தோலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு காரத் திரவம் சொட்டினார். சற்று நேரம் கழித்து, "பாக்கறீங்களா ஐயா?" என்று நுண்ணோக்கியைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். தோல் செதில்களுக்கு நடுவே, கண்ணாடி நூல் போன்ற இழைகள் கிளைவிட்டு ஓடின. 1840-களில் பாரிஸில் குரூபி பார்த்தது இதைத்தான். என்னை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியதும், எட்டு மாதம் என்னைப் பொய் சொல்ல வைத்ததும் இந்த இழைதான். பார்த்தபிறகு வெட்கம் போய்விட்டது. அது என் ஒழுக்கத்தின் குறையும் இல்லை, அசுத்தத்தின் சாட்சியும் இல்லை. ஓர் உயிர், ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் குடியேறியிருக்கிறது. அவ்வளவே.

குணமாக நான்கு மாதம் ஆயிற்று. மாத்திரை, களிம்பு, தவிர வீட்டு விதிகள்: துணியை வெந்நீரில் தனியாகத் துவைக்க வேண்டும், துண்டைப் பகிரக் கூடாது, குளித்ததும் மடிப்புகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும், படை மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆயா பேசுவதுபோல் இருந்தது. உதிர்ந்த தோலிலும் துணியிலும் பூஞ்சையின் விதைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று அந்த மருத்துவர் காரணம் சொன்னார். ஆயா காரணம் சொல்லாமல் அண்டாவில் கொதிக்க வைத்தார்.

என்னைப்போல் ஏமாந்தவர்கள் நாடு முழுதும் பெருகிவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. 2020-இல் டெர்பினஃபினுக்கே அடங்காத ஒரு படைப் பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் 'இந்தோ' என்று நம் நாடே ஏறிவிட்டது. ஒரு காலத்தில் பிரேசில் தூளுக்கு இந்தியப் பெயர் கிடைத்தது. இப்போது நோய்க்கே கிடைத்திருக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் இலைக்குத் திரும்பிவிடலாமா? நண்பர் கேட்டதும் அதைத்தான். இங்கே நிதானம் வேண்டும். சீமை அகத்திச் சாறு, நாகமல்லி இலை, பூண்டு, வேம்பு இவையெல்லாம் சபூரோவின் களித் தட்டில் பூஞ்சையைத் தடுப்பதை எத்தனையோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தட்டில் சாறு விட்ட குழியைச் சுற்றிப் பூஞ்சை வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். ஆனால் தட்டு வேறு, தோல் வேறு. தட்டில் சாறு நேராகப் பூஞ்சைமேல் விழுகிறது. நம் உடம்பில் அது தோல் அடுக்குக்குள் இறங்க வேண்டும். நகத்துக்கு அடியிலும் தலைமுடியின் வேரிலும் இருக்கும் பூஞ்சையை அரைத்த இலை எட்டாது. ஒரு செடியில் மருந்துச் சத்து எவ்வளவு என்பது மண்ணுக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாறும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். ஆயாவின் இலை என் கழுத்தில் வென்றது, படை புதிது, சிறிது, ஸ்டீராய்டு படாதது என்பதால். என் இடுப்புப் படையை ஆயாவே வந்திருந்தாலும் இலையால் வென்றிருக்க முடியாது.

இந்த இலையை முறையாக எடுத்துச் சென்றவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டார். அங்கே இதன் பெயர் அகபுல்கோ. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை போய்வந்தன. அந்தத் துறைமுகத்தின் பெயரே செடிக்கு ஒட்டிக்கொண்டது. 1992-இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று. சத்து அளந்து, தரம் பார்த்து, புட்டியில் அடைத்துத் தோல் மருந்தாக அங்கே விற்கிறார்கள். இன்ன நோய்க்கு, இத்தனை நாள் என்று சீட்டில் எழுதியிருக்கும். பாட்டி வைத்தியத்தைக் கும்பிடவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. அளந்து பார்த்தார்கள். நம்மிடம் செடியும் உண்டு, சித்த மருத்துவர்களும் உண்டு, ஆய்வுக்கூடங்களும் உண்டு. இங்கேயும் அது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடற்கரையில் நண்பரிடம் கடைசியாகக் கேட்டேன்: "சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. பத்து வருஷமா."

"ட்யூப் எதுவும் போட்டீங்களா?"

தயங்கிவிட்டு, "மூணு மாசமா" என்றார்.

"அப்ப இலை வேண்டாம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெடியா இருங்க. அந்த ட்யூபையும் எடுத்துக்கிட்டு வாங்க, டாக்டர் கேட்பாங்க. நானும் கூட வர்றேன்."

மறுநாள் போனோம். காத்திருப்பு அறையில் எங்களைப்போல் ஆறேழு கிழவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். என் நண்பர் ஓய்வு பெற்றாலும் ஆசிரியர்தானே! பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கும் படைதானா?" என்று வகுப்பறைக் குரலில் கேட்டார். அவர் திடுக்கிட்டுப் பிறகு சிரித்துவிட்டார். டாக்டர் கூப்பிடும்வரை அந்த அறையில் ஒரே பேச்சு.

நண்பரின் வைத்தியம் இன்னும் நடக்கிறது. ஒரு மாதம் ஆயிற்று, அரிப்பு குறைந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா என்று நேற்று கேட்டார். "மேலே போயிடுச்சி, உள்ளே இருக்கும்" என்றேன்.